மலையாற்றில் துடுப்புப் போடும் மதுரைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

மழைக்காலத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் கோடஞ்சேரிக்குப் போய், சாலிப்புழையில் புரண்டு எழுந்து கயாக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் நீங்கள். உங்களில் சிலர் ரிஷிகேசத்தில் கங்கையின் அலைகளைத் தாண்டியிருக்கிறீர்கள். இன்னும் சிலர் லடாக் போய், நாட்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்கி, ஜன்ஸ்கார் மலையிடுக்கு முழுவதையும் துடுப்பால் கடந்து வந்துவிட்டீர்கள். மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருப்புவனம் என்று, வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிற ஒரு ஆற்றை நம்பி வாழும் ஊர்களிலிருந்து கிளம்பிப் போன பிள்ளைகள் இதைச் செய்திருக்கிறீர்கள். அதில் எனக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வருகிற ஆகஸ்டில் ஜன்ஸ்கார் போகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களிடம் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வைகையில் தண்ணீர் வந்துவிட்டால் மதுரையில் யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஏவி பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூட்டம் எட்டிப் பார்க்கும். யானைக்கல் தரைப்பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போவதைப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் தடுப்பணைப் பக்கம் ஓடுவார்கள். அந்த நாட்களில்தான் பேப்பரில் அந்தச் செய்தியும் வரும்: தடுப்பணையில் குளிக்கப் போன மாணவர் பலி. பல நேரம் ஒருவரோடு முடிவதில்லை. ஒருவன் இழுபடுவான், காப்பாற்றக் குதித்த கூட்டாளியும் போவான். அண்ணனும் தம்பியும் போன வீடுகள் உண்டு. அப்பாவும் மகளும் போன வீடுகள் உண்டு. நாம் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம்.

ஊர் அப்படிப் போனால் எனக்குப் புரிகிறது. அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று ஊருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஓடும் தண்ணீரை நின்று பார்த்து அதன் போக்கைச் சொல்லக்கூடிய ஆட்கள் இந்த மாவட்டத்தில் மிகச் சிலர்தான், அவர்களில் நீங்களும் இருக்கிறீர்கள். அப்படியிருந்தும் தண்ணீர் வரும் நாளில் நீங்கள் கரையில் இல்லை. உங்கள் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் எறிகயிற்றுப் பையும் அடுத்த பயணத்துக்காக வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன.

ஜன்ஸ்கார் மலையிடுக்கில் நாம் என்ன கற்றோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பதும் பக்கத்தில் ஸ்டோட் ஆறும் சாரப் ஆறும் கூடி ஜன்ஸ்கார் ஆகிறது. அங்கிருந்து நிம்முவில் சிந்துவோடு சேரும்வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். நெராக் தாண்டியதும் இருபுறமும் பாறைச் சுவர் செங்குத்தாக எழும்பி நெருக்கிக்கொண்டு வரும். பனியாறு உருகி வரும் தண்ணீர், வண்டல் கலந்து சாம்பல் நிறத்தில் ஓடும். கையை விட்டால் விரல் மரத்துப்போகும். இன்று நிம்மு–பதும் சாலை அந்தப் பக்கமாகப் போட்டாயிற்று. ஆனாலும் தண்ணீருக்குள் ஒருவனுக்கு ஏதாவது ஆனால் வெளியிலிருந்து உதவி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கூட வந்தவர்களே காப்பாற்றினால்தான் உண்டு. அதனால்தான் அங்கே யாரும் தனியாக ஒரு சரிவில்கூட இறங்குவதில்லை. முன்னால் போனவர் கீழே பாறைக்குப் பின்னால் அமைதியாகத் தேங்கும் நீரில் படகைத் திருப்பி நிறுத்திக் காத்திருப்பார். ஒருவர் கயிற்றோடு பாறைமேல் ஏறி நிற்பார். அவர் கையை உயர்த்திக் காட்டிய பிறகே அடுத்த படகு நகரும். கடைசி ஆள் கடந்து வரும்வரை முதல் ஆள் ஒரு அடி நகரமாட்டார். கண்ணுக்குச் சரியாகப் படாத இடமென்றால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்துவிடுவோம். அதை யாரும் இளப்பமாகப் பார்ப்பதில்லை.

ராத்திரி கூடாரம் அடிக்கும்போது தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் படுப்பது ஞாபகம் இருக்கிறதா? பகல் வெயிலில் மேலே உருகிய பனி பல மணி நேரம் கழித்துத்தான் நம்மிடம் வந்து சேரும். விடிந்து பார்த்தால் கல் தண்ணீருக்குள் கிடக்கும். ஆறு ஏறிவிட்டது என்று அப்போது தெரியும். நம் ஆற்றிலும் நடப்பது இதுதான். சுமார் 70 கிலோமீட்டர் மேலே, ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணையில் மதகைத் திறந்தால் இங்கே உடனே தெரியாது. காய்ந்த மணல் குடித்தது போக மீதித் தண்ணீர், நாம் எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்கும். காலையில் முழங்கால் அளவு ஓடிய இடத்தில் மத்தியானம் இடுப்பளவு ஓடும். மாடு குளிப்பாட்டப் போனவருக்கும், வெளுப்புக்குத் துணி எடுத்துப் போனவருக்கும், மீன் பிடிக்கப் போன பையனுக்கும் கல்லை வைத்துப் பார் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தடுப்பணையைப் பற்றி நீங்கள்தான் முதலில் ஊருக்குச் சொல்ல வேண்டும். மலையாற்றில் பெரிய அலையைப் பார்த்துப் பயப்படாத துடுப்பாளர்கூட, ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை ஒரே மட்டமாகக் கட்டிய சுவரைப் பார்த்தால் படகை ஒதுக்கிவிடுவார். காரணம் உங்களுக்குத் தெரியும். பாறையைத் தாண்டி விழும் தண்ணீரில் எங்காவது ஒரு உடைப்பு, ஒரு ஓரம், வெளியே தள்ளிவிடும் ஒரு வழி இருக்கும். சுவரைத் தாண்டி விழும் தண்ணீரில் அது கிடையாது. விழுந்த தண்ணீர் அடியில் முன்னுக்குப் போய், மேலே வந்து, மறுபடியும் சுவரை நோக்கியே திரும்பும். ஆட்டுக்கல்லில் குழவிக்கு வெளியே வழிந்த மாவு திரும்பத் திரும்ப உள்ளுக்கே போவதுபோல, விழுந்த ஆளை அது சுவரோடேயே சுழற்றிக்கொண்டிருக்கும். நுரையில் பாதி காற்று. அதில் உடம்பு மிதக்காது, கை வீசினாலும் பிடிமானம் இருக்காது. நன்றாக நீச்சல் தெரிந்தவனும் சில நிமிடத்தில் சோர்ந்துவிடுவான். மேலேயிருந்து பார்க்கிறவருக்கோ அது மூன்றடி உயரத்தில் ஒரு சின்ன அருவி, குளிக்கத் தோதான இடம். நகருக்குள் கட்டிய தடுப்பணைகளும், மேலே பேரணை, சிற்றணையும், கீழே விரகனூர் மதகணையும் அப்படித்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ‘குளிக்கத் தடை’ என்று பலகை வைத்திருக்கலாம். ஏன் தடை என்று பலகை சொல்வதில்லை. காரணம் தெரியாமல் போட்ட தடையைப் பதினாறு வயதுப் பையன் மதிக்கமாட்டான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வைகையில் வெள்ளம் போகும்போது வீடியோ எடுக்கவென்று நீங்கள் கயாக்கை இறக்கக் கூடாது. மேலே வருசநாட்டுப் பக்கம் காட்டாற்றில் இறக்கிப் பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். 2021 முதல் அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்கக் கூடாத இடம். நான் உங்களைக் கூப்பிடுவது கரைக்கு. தண்ணீருக்குள் இறங்காமலேயே உயிரைக் காப்பாற்ற உங்களால் முடியும்.

கொட்டரையை நினைத்துப் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் மருதையாற்றின் குறுக்கே உள்ள அணை. 2020 ஆகஸ்டில் கிரிக்கெட் விளையாட வந்த இளைஞர்கள் அங்கே குளிக்க இறங்கினார்கள். நான்கு பேர் ஆழத்தில் சிக்கினார்கள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேரும் யோசிக்கவில்லை. கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இரண்டு பேர் அந்தச் சேலையைப் பிடித்துக் கரையேறினார்கள். மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூன்று பெண்களுக்கும் அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு எண்ணம் விடாமல் வருகிறது. எறிகயிறு என்ற சொல்லைக்கூட அவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் பயிற்சி வகுப்பில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் செய்தார்கள்: குதிக்காதே, எட்டிக் கொடு, எட்டாவிட்டால் வீசு. கையில் கிடைத்ததை வீசினார்கள். அங்கே இருபது மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்று இருந்திருந்தால், அதை வீசத் தெரிந்த ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், மற்ற இரண்டு பிள்ளைகளும் அன்று வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். அந்தக் கயிறு உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. வீசத் தெரிந்த கை உங்களிடம் இருக்கிறது.

இதை ஊருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும் பெரிய செலவில்லை. எறிகயிற்றுப் பையின் வாயைத் தளர்த்தி, கயிற்று நுனியை இடது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் சுற்றக் கூடாது. முதலில் ‘கயிறு’ என்று கத்தி அந்த ஆளை நம் பக்கம் திரும்ப வைக்க வேண்டும். பையை அவர்மேல் எறியாமல், தலைக்கு மேலே அவரைத் தாண்டி விழும்படி எறிந்தால் கயிறு அவர் தோளில் விழும். பிடித்தவுடன் நாம் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டிருந்தால் இழுப்பு நம்மையும் கொண்டுபோய்விடும். அவர் மல்லாந்து, கயிற்றைத் தோள்மேல் போட்டுக்கொண்டு வந்தால் ஆறே அவரைக் கரைக்கு ஒதுக்கிவிடும். இதற்கு விலை கொடுத்து வாங்கிய பை வேண்டும் என்பதில்லை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் கால்வாசி தண்ணீர் ஊற்றி மூடி, கழுத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டினால் போதும். எடையும் இருக்கும், மிதக்கவும் செய்யும். படித்துறைக்கு ஒன்று, கலுங்குக்கு ஒன்று, மதகுக்கு ஒன்று தொங்கட்டும்.

கலுங்கு என்று சொன்னதும் கண்மாய்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆற்றைவிட எனக்கு அதிகக் கவலை அங்கேதான். நம் சுற்றுவட்டாரத்தில் வண்டலும் சவுடும் அள்ளிய கண்மாய்களில் தரை சமமாக இல்லை. கரையிலிருந்து பத்தடி நடந்தால் முழங்கால் தண்ணீர், பதினோராவது அடியில் ஆள் மூழ்கும் பள்ளம். மழை பெய்து கண்மாய் பெருகிவிட்டால் பள்ளம் எங்கே என்று மேலே தெரியாது. மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரிகளில் இறங்கலாம், ஏறப் படி கிடையாது. முன்பெல்லாம் கமலைக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையோ காலி டின்னோ கட்டி மாமன்களும் சித்தப்பாக்களும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினார்கள். போர்வெல் வந்து கிணறுகள் வற்றியபின் அந்தப் பழக்கம் ஒரு தலைமுறையில் அறுந்துபோய்விட்டது. பெண் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் அப்போதும் கிடைக்கவில்லை. நீச்சல் தெரியாத ஒரு தலைமுறை, ஆழம் தெரியாத தண்ணீரின் ஓரத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது. நீங்களோ எவ்வளவோ தூரம் போய்வந்து நீந்தக் கற்றவர்கள்.

நான் பேசும்போதெல்லாம் உங்களிடமிருந்து வரும் பதில்கள் எனக்குத் தெரியும். ‘அக்கா, வைகையில் சாக்கடைதானே ஓடுகிறது’ என்கிறீர்கள். ஓடுகிறதுதான், அதுவும் எனக்கு வேதனைதான். ஆனால் செத்துப்போகிற பிள்ளை சுத்தமான தண்ணீரில்தான் சாக வேண்டும் என்று இல்லையே. ‘அது தீயணைப்புத் துறையின் வேலை’ என்கிறீர்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள். தகவல் போய், தல்லாகுளத்திலிருந்து வண்டி கிளம்பி, கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி வர வேண்டும். மூச்சு நின்ற நான்கைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமாக வந்தாலும் அவர்களால் எட்ட முடியாத நிமிடங்கள் அவை. கரையில் இருக்கிறவர்களிடம்தான் அந்த நேரம் இருக்கிறது. கரையில் இருக்கிறவர்களோ, கரையேற்றிய பிள்ளையின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்க்கிறார்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிறார்கள். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

‘நாங்கள் நாலு பேர், எங்களால் என்ன ஆகும்’ என்பது இன்னொரு பதில். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்து மீனவர்கள் யாரும் இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கடலில் ஓட்டும் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, மூழ்கிக்கிடந்த செங்கன்னூர் பக்கம் வந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை மொட்டைமாடிகளிலிருந்து இறக்கினார்கள். கடலில் கற்ற வேலை தெருவில் உதவியது. 2024 அக்டோபரில் நம் செல்லூரிலும் பந்தல்குடி வாய்க்கால் ஓரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஓடும் தண்ணீரைக் கடக்கத் தெரிந்த எத்தனை பேர் அந்தத் தெருக்களில் இருந்தார்கள்? முழங்கால் தண்ணீரானாலும் இழுப்பு இருந்தால் தனியாகக் கடக்கக் கூடாது, கம்பை முன்னால் ஊன்றி, ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்க நீங்கள் ஒருவர் போதும்.

அதிகாரிகளைக் கேட்காமல் நீங்களாகப் போய் நிற்க வேண்டாம். அது குழப்பத்தைத்தான் கூட்டும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாவட்ட அலுவலரையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் குழுவாகப் போய்ப் பாருங்கள். உங்கள் பயிற்சிச் சான்றிதழ்களைக் காட்டுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அப்படி ஒரு பயிற்சியில் இப்போது சேர முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் நிற்கச் சொல்லும் இடத்தில் நில்லுங்கள், வேண்டாம் என்றால் வீடு திரும்புங்கள். ஒருமுறை மறுத்தால் மறுமாதம் மறுபடி போங்கள்.

நான் கேட்பது இதுதான். சித்திரைத் திருவிழாவுக்காக ஆற்றில் தண்ணீர் விடும் நாட்களிலும், அழகர் இறங்கும் அன்றும், லட்சக்கணக்கான சனங்கள் கரையில் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, அவர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே கயிற்றோடு நீங்கள் நிற்க வேண்டும். ஜன்ஸ்காரில் பாறைமேல் நின்றீர்களே, அதே கவனத்தோடு, மேலே வருகிற ஆளைப் பார்த்துக்கொண்டு. அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொந்த ஊர்க் கண்மாய்க்குக் கொடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், கரையில் துவைக்க வரும் அக்காமாரையும், ஆடு மாடு ஓட்டிவரும் பெரியவர்களையும் கூப்பிட்டு, பாட்டிலில் கயிறு கட்டி எறியச் சொல்லிக்கொடுங்கள். பெண் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துங்கள். கொட்டரையில் வீசியது பெண்கள்தான்.

வைகை அணையில் தண்ணீர் 66 அடிக்கு ஏறினால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் அறிவிப்பு போகும். முதல் எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஏவி பாலத்தின் வடகரைப் பக்கம் நான் இருப்பேன். அதற்குள் அதிகாரிகளைப் பார்த்து அனுமதி வாங்கும் வேலையை நாம் சேர்ந்து முடித்திருக்க வேண்டும். வரும்போது பரணில் இருக்கும் கயிற்றை எடுத்து உலர்த்தி, முடிச்சு விழாமல் பையில் அடைத்துக் கொண்டுவாருங்கள். தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கோச்சடையிலிருந்து உங்கள் அக்கா